தேவலை என்றாள் செல்லக்கனி

செல்லக்கனிக்கு நெஞ்செரிச்சல் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் அவளால் சரியாகச் சொல்ல முடியாது. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது வந்தது, பிள்ளை பிறந்த பிறகும் போகவில்லை என்று மட்டும் சொல்வாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு எரிச்சல் எடுத்தால் பிள்ளைக்குத் தலைமுடி அடர்த்தியாக இருக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தார்கள். பையன் மொட்டைத் தலையோடு பிறந்தான். எரிச்சல் அப்படியே தங்கிவிட்டது.

ராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டி போகும் ரோட்டில் பேண்டேஜ் துணி சுற்றும் ஷெட்டு ஒன்றில் அவளுக்கு வேலை. வெளுத்துக் காய்ந்து நாடா நாடாவாக அறுபட்டு வரும் மெல்லிய துணியை, ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் உருளைகளாகச் சுற்ற வேண்டும். தரையில் உட்கார்ந்து, முன்னால் பலகையில் பூட்டியிருக்கும் கைப்பிடியைக் குனிந்தபடி சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து சுற்றினால் துணி தொளதொளவென்று வரும். முதலாளி பிரிக்கச் சொல்லிவிடுவார். குனிந்தாலோ, காலையில் குடித்த கஞ்சி புளித்துத் தொண்டைக்கு வரும். அதை விழுங்கிவிட்டு அடுத்த உருளையை எடுப்பாள். விழுங்கும்போது இறங்கும் வழியெல்லாம் தீய்த்துக்கொண்டு போகும்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. ஓமத்தண்ணீர் குடித்தாள். சுக்கு, பெருங்காயம், சுட்ட பூண்டு எல்லாம் ஆயிற்று. குடல் ஏறியிருக்கிறது என்று ஒருத்தி எண்ணெய் தடவித் தட்டிவிட்டாள். டாக்டர்களிடம் போனபோது ஒருவர் வாய்வு என்றார். ஒருவர் நெஞ்சில் வயர்களை ஒட்டிப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இருதயத்தில் ஒன்றுமில்லை, கவலைப்படாமல் இரு என்றார். புதினா வாசம் அடிக்கும் வெள்ளை மருந்தைக் குடித்தால் அரை மணி நேரம் அடங்கும். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

அவள் புருஷன் சோலைராஜ் ஒரு நூற்பு மில்லில் ஃபிட்டராக இருந்தான். நல்ல மனுஷன். ஷிப்டு முடிந்து வந்ததும் அவள் முகத்தைப் பார்த்து, "இன்னிக்குமா?" என்று கேட்பான்.

"இன்னிக்குந்தான்."

முதல் இரண்டு வருஷம் அந்தக் கேள்வியில் அக்கறை இருந்தது. போகப் போக அது வாசலில் செருப்பைக் கழற்றுவது போல ஒரு பழக்கமாகிவிட்டது. அவன்மேல் குற்றமில்லை. ஒரே பதிலை எத்தனை வருஷம் ஒருவன் கேட்டுக்கொண்டிருப்பான்? செல்லக்கனிக்கே அந்தப் பதிலைச் சொல்லி அலுத்துப் போயிருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கப் பழகிக்கொண்டாள்.

ஷெட்டில் அவளுக்கு அடுத்த பலகையில் இருந்தவள் சுடலையம்மாள். செல்லக்கனியைவிடப் பத்து வயது மூத்தவள். அவளுக்கும் இதே உபத்திரவம். ஆனால் அவள் வலியை வாய்க்குள் வைத்துக்கொள்கிறவள் இல்லை. எரிந்தால் ஷெட்டு முழுவதும் கேட்கும்படி சொல்லிவிடுவாள். 1991ஆம் வருஷம் ஒரு நாள் அவள்தான் சேதி கொண்டுவந்தாள்.

"ஏட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வயித்து டாக்டரு ஒருத்தரு வந்திருக்காராம். வியாழக்கெழம வியாழக்கெழம பாக்காராம். புது மருந்து ஒண்ணு வச்சிருக்காராம். போவமா?"

"எத்தன டாக்டருக்கா பாக்கது."

"இவரையும் பாத்துட்டு விட்டுருவோம்."

அரைநாள் லீவு சொல்லிவிட்டு இருவரும் பஸ் ஏறினார்கள்.

டாக்டர் தேவஇரக்கத்துக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். வேலூர்ப் பக்கம் மேல்படிப்பு முடித்துவிட்டு, மதுரையில் ஒரு பெரிய டாக்டரோடு சேர்ந்து அந்தப் புது மருந்துக்கு ஒரு சோதனை நடத்திக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு. நோயாளி பேசும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். செல்லக்கனி வழக்கம்போல இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்ளப் பார்த்தாள். அவர் விடவில்லை. எப்போது எரிகிறது, குனிந்தால் எப்படி, படுத்தால் எப்படி, வாய்க்கு வருவது புளிப்பா கசப்பா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். குனிந்து வேலை செய்வதைச் சொன்னதும், செய்து காட்டச் சொன்னார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே ஸ்டூலில் இருந்தபடி குனிந்து கைப்பிடி சுற்றுவது போலக் காட்டினாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"வயித்துக்கு மேல ஒரு வாய் இருக்கும்மா. சுருக்குப்பை வாய் மாதிரி. நம்ம சாப்பிட்டதும் அது இறுக்கிக்கிடணும். உங்களுக்கு அது தொளதொளன்னு இருக்கு. உள்ள இருக்கிற புளிப்பு மேல ஏறிக் குழாயைப் புண்ணாக்குது. நீங்க சொல்ற எரிச்சல் நெசமான எரிச்சல். மனசுல வர்றது இல்ல, வாய்வும் இல்ல."

அந்த வார்த்தை செல்லக்கனியை என்னவோ செய்தது. இத்தனை வருஷத்தில் அவள் சொன்னதை நிஜம் என்று ஒருவரும் சொன்னதில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. சுடலையம்மாள் முழங்கையால் இடித்தாள்.

பிறகு டாக்டர் சோதனையைப் பற்றிச் சொன்னார். இரண்டு மருந்துகள். ஒன்று ஏற்கெனவே கடையில் கிடைப்பது. இன்னொன்று புதிது, புளிப்பு ஊறுவதையே அடைக்கக்கூடியது என்கிறார்கள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரிக் குளிகைகள். ஒருத்தருக்குப் பழையது போகும், ஒருத்தருக்குப் புதியது போகும். யாருக்கு எது என்பது மதுரையில் சீல் வைத்த உறைக்குள் இருக்கும். எல்லாம் முடிந்த பிறகுதான் பிரிப்பார்கள்.

"டாக்டருக்கே தெரியாம மாத்திரை குடுப்பீகளா?" என்று கேட்டாள் சுடலையம்மாள்.

"தெரிஞ்சா, புது மருந்து சாப்பிடறவங்ககிட்ட நான் கேக்கிற தொனியே மாறிப்போகும்மா. அதுக்குத்தான் இப்பிடி. இஷ்டமில்லன்னா சேர வேண்டாம். வழக்கமான வைத்தியம் எப்பவும் உண்டு."

இருவரும் சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரி வேனில் மதுரைக்கு அழைத்துப்போய் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குமட்டிக் கண்ணீர் வழிந்தபோது நர்ஸ் ஏசம்மாள் செல்லக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏசம்மாள் வயதானவள், அதிகம் பேசமாட்டாள். உள்ளே இரண்டு பேருக்கும் புண் இருந்தது. மாத்திரை டப்பிகளைக் கொடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள்.

முதல் இரண்டு வாரம் செல்லக்கனிக்கு உண்மையிலேயே குறைந்திருந்தது. முழுக்கப் போகவில்லை. ஆனால் கஞ்சி குடித்துவிட்டுக் குனியும்போது முன்பு இருந்த அந்தச் சூடு இல்லை. வியாழக்கிழமை வராந்தாவில் ஏசம்மாள் வரிசையாகக் கேள்வி கேட்டாள். எரிச்சல் இல்லையா, கொஞ்சமா, நிறையவா. புளித்து வருகிறதா. தூக்கம் கெடுகிறதா. செல்லக்கனி உள்ளபடி சொன்னாள். உள்ளே போனபோது டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"இப்பத் தேவல டாக்டரய்யா," என்றாள்.

அவருடைய முகம் மலர்ந்த விதத்தை அவள் எதிர்பார்க்கவில்லை. பரீட்சையில் பாஸான பிள்ளை போல இருந்தார். காலையிலிருந்து நோவு நோவு என்று கேட்டுக்கொண்டிருக்கும் மனிதருக்குத் தன்னால் ஒரு சந்தோஷம் கிடைத்தது என்று அவளுக்கும் நிறைவாக இருந்தது. வீட்டுக்கு வந்து சோலைராஜிடமும் அதையே சொன்னாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய், ஒரு பொட்டலம் கருப்பட்டி மிட்டாயோடு திரும்பி வந்தான். மறுநாள் மில்லில் தன் பெண்டாட்டிக்கு ஏழெட்டு வருஷத்து நோவு சரியாகிவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னான்.

மூன்றாவது வாரம் எரிச்சல் திரும்ப வந்தது. முன்னைவிட ஒன்றும் கூடவில்லை, பழையபடிதான். ஆனால் நடுவில் கொஞ்ச நாள் இல்லாமல் இருந்ததால் தாங்க முடியாததாகத் தெரிந்தது. அடுத்த வியாழக்கிழமை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள். வராந்தாவில் ஏசம்மாள் வேறொருவரோடு இருந்ததால் முதலில் டாக்டர் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் அவளைக் கண்டதும் சிரித்தபடியே கேட்டார்.

"வாங்கம்மா. எப்பிடி, தேவலதானே?"

கேள்விக்குள்ளேயே பதில் இருந்தது. அவள் தலையை ஆட்டினாள்.

அதன் பிறகு ஏசம்மாள் கேட்டபோது மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை. எரிச்சல் இல்லை என்றாள். புளித்து வருவதில்லை என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தொண்டைக்கு ஏறியதை இரண்டு முறை விழுங்கினாள். கை தானாக நெஞ்சுக்குழிக்குப் போனது. ஏசம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், பிறகு எழுதிக்கொண்டாள்.

சுடலையம்மாள் வழக்கம்போல, "ஒரு மண்ணும் கேக்கல டாக்டரே, முன்ன எரிஞ்ச மாதிரியேதான் எரியுது," என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டாள்:

"ஒனக்கு நெசமாவே கேக்குதாட்டி?"

"ஆமாக்கா."

"குடுத்து வச்சவ. ஒனக்குப் புது மருந்து போல. எனக்குப் பழசத் தள்ளிட்டாக."

செல்லக்கனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தனக்குக் கொடுத்தது புது மருந்துதான் என்று அவளும் நம்பினாள். முதல் இரண்டு வாரம் கேட்டதே, அது பழைய மருந்தாக எப்படி இருக்கும்? அப்படியானால் புது மருந்துக்கும் அடங்காத நோவு தன்னுடையது என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

சோதனை முடியும் நாளில், குணம் தெரிந்தவர்களுக்கு டாக்டர் புத்தி சொல்லி அனுப்பிவிட்டார். கட்டிலின் தலைமாட்டுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்திக்கொள்ளச் சொன்னார். செல்லக்கனி வீட்டில் கட்டில் கிடையாது. சரி என்றாள். குணம் தெரியாதவர்களை மறுபடி மதுரைக்கு அழைத்துப் போய்க் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பிறகு புது மருந்தை வெளிப்படையாகவே கொடுத்தார்கள். சுடலையம்மாளுக்கும் கொடுத்தார்கள். மாதம் ஒன்று ஆவதற்குள் அவள் ஷெட்டில் உட்கார்ந்து கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் சோறும் பிசைந்து தின்றுவிட்டு, மறு நிமிஷமே குனிந்து கைப்பிடியைச் சுற்றினாள். வெள்ளை மருந்துப் பாட்டிலை வீட்டுப் பரணில் எறிந்துவிட்டதாகச் சொன்னாள்.

செல்லக்கனி அதைப் பக்கத்துப் பலகையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்போதாவது போய்ச் சொல்லியிருக்கலாம். எத்தனையோ வியாழக்கிழமை நினைத்துக்கொள்வாள். குணமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு எந்த முகத்தோடு போய் நிற்பது? அந்த மனிதர் எவ்வளவு சந்தோஷப்பட்டார். அவர் கொடுத்த மருந்தே கேட்காத உடம்புக்கு இனி அவர் என்னதான் செய்வார்? வீட்டிலும் அவளால் சொல்ல முடியவில்லை. சோலைராஜ் "இன்னிக்குமா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டிருந்தான். அந்தக் கேள்வி இல்லாத வீடு அமைதியாக இருந்தது. அவளுக்கும் அது ஒருவிதத்தில் ஓய்வாகத்தான் இருந்தது. எரிகிற நாளில் வெள்ளி விரதம் என்றாள், சனி விரதம் என்றாள், இப்போதுதான் ஷெட்டில் தின்றேன் என்றாள். குரல் கம்மிப் போனது. ஜாக்கெட்டுகளைப் பிடித்துத் தைத்துக்கொண்டாள். வேலை ஜாஸ்தி என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

இப்படியே கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஓடியது.

பிறகு சோறு அடைக்க ஆரம்பித்தது. விழுங்கினால் நெஞ்சுக்கு நடுவில் போய் நின்றுகொள்ளும். தண்ணீர் குடித்தால் மெல்ல இறங்கும். சின்னச் சின்னக் கவளமாகச் சாப்பிட்டாள். பிறகு குழைத்துச் சாப்பிட்டாள். பிறகு கரைத்துக் குடித்தாள்.

1993ஆம் வருஷம் ஆவணியில் சோலைராஜின் அக்கா பரிபூரணத்தின் மகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணம். பந்தியில் பக்கத்தில் எல்லாரும் சாப்பிடும்போது ஒன்றும் தொடாமல் இருந்தால் மதினி கேட்பாளே என்று செல்லக்கனி ஒரு வாய் பருப்புச் சோறு எடுத்து வைத்தாள். அது இறங்கவில்லை. தண்ணீர் குடித்தாள்; தண்ணீரும் இறங்காமல் அப்படியே வாய்க்குத் திரும்பி வந்தது. எழுந்து கை கழுவும் இடத்துக்குப் போனாள். எச்சில்கூட உள்ளே போகாமல் வழிந்துகொண்டிருந்தது. மூச்சு விட முடிந்தது, ஆனால் பேச முடியவில்லை. பரிபூரணம் பின்னாலேயே வந்து பார்த்தாள். கல்யாண வீடு என்றும் பாராமல் சோலைராஜைக் கூட்டி வரச் சொல்லி, ஆட்டோவில் ஏற்றிவிட்டாள்.

பக்கத்தில் இருந்தது அந்த மிஷன் ஆஸ்பத்திரிதான். வேண்டாம் என்று செல்லக்கனி கையை ஆட்டினாள். அதைக் கவனிக்கிறவர் யாரும் இல்லை.

வாசலிலேயே ஓங்கரித்து, அடைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. ஏசம்மாள்தான் வந்து பிடித்து உட்காரவைத்து, வாயைத் துடைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் டாக்டர் தேவஇரக்கம் வந்தார். தலைமுடி முன்பைவிடக் குறைந்திருந்தது. அவளை அடையாளம் தெரிந்துகொள்ள அவருக்குச் சிறிது நேரம் ஆயிற்று, அவ்வளவு மெலிந்திருந்தாள்.

"செல்லக்கனியம்மாதானே? பேண்டேஜ் ஷெட்டு. உங்களுக்குத்தான் நல்லாக் குணமாச்சே. எப்பத்துல இருந்து இப்பிடி அடைக்குது?"

"நாலஞ்சு மாசமா."

"எரிச்சல் மறுபடி எப்ப வந்துச்சு?"

சோலைராஜ் பக்கத்தில் நின்றான். கல்யாணத்துக்காகக் கட்டிய வேட்டியில் அவள் வாந்தி பட்டிருந்தது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"போகவே இல்ல டாக்டரய்யா."

"என்னம்மா சொல்றீங்க?"

"மொத ரெண்டு வாரம் தேவலயா இருந்துச்சு. பொறவு வந்துட்டு. நான் சொல்லல."

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏன்மா?"

"நீங்க சந்தோசப்பட்டீக," என்றாள்.

டாக்டர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கண்களையும் விரல்களால் அழுத்திக்கொண்டார். பிறகு எழுந்து, மதுரைக்குக் கூட்டிப் போக ஏற்பாடு செய்யச் சொல்லி ஏசம்மாளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மதுரையில் மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள். பழைய புண் ஆறியும் ஆறாமலும் தழும்பாகி, உணவுக்குழாயின் அடிப்பக்கம் சுருங்கி ஒடுங்கிவிட்டிருந்தது. சதையைக் கொஞ்சம் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றாக இருக்குமோ என்ற சந்தேகத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் சோலைராஜுக்குப் புரிந்துவிட்டது. முடிவு வரும்வரை அவன் மில்லுக்குப் போய்வந்தான், ரேஷனுக்குப் போய்வந்தான், பிள்ளைகளுக்குச் சோறு போட்டான். அவளோடு மட்டும் பேசவில்லை.

புற்று இல்லை என்று முடிவு வந்தது. அதைக் கேட்டுக்கொண்டு மதுரையிலிருந்து திரும்பும்போது, கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பிள்ளைகள் இறங்கிப் பஸ் பாதி காலியான பிறகுதான் அவன் வாயைத் திறந்தான்.

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னா நீங்க என்ன செஞ்சிருப்பீக?"

அவன் யோசித்தான். கோபமாகப் பதில் சொல்லப் போகிறான் என்று அவள் நினைத்தாள்.

"ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டேன்," என்றான். "ஆனா தெரிஞ்சிருக்கும். மில்லுல எல்லார்ட்டயும் ஒனக்குச் சொகமாயிட்டுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். நீ பக்கத்துல ஒக்காந்து எரிஞ்சுக்கிட்டு இருந்திருக்க."

அவளுக்கு அழுகை வரவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். ஊர் வரும்வரை அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

ஒடுங்கிய இடத்தை விரிக்கிற வைத்தியம் மாதக்கணக்கில் நடந்தது. மெல்லிய குழாயில் தொடங்கி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தடித்த குழாயாக உள்ளே விட்டு விரித்துக்கொண்டே வருவார்கள். போய்வந்த அன்று நெஞ்சு முழுக்க ரணமாக இருக்கும். இந்த முறை டாக்டர் அவளுக்குப் புது மருந்தைக் கையில் கொடுத்து, இதுதான் அது என்று சொல்லிவிட்டே கொடுத்தார்.

"இதத்தான் நான் முன்னயே சாப்பிட்டேனே டாக்டரய்யா. எனக்கு இது கேக்காது."

"இல்லம்மா," என்றார் அவர். "உறையைப் பிரிச்சப்ப பாத்தேன். உங்களுக்குப் போனது பழைய மருந்து."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. இரண்டு வருஷமாக, புது மருந்தும் தனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து அந்தப் பக்கமே போகாமல் இருந்திருக்கிறாள். அந்த மருந்து அவள் நாக்கிலேயே பட்டதில்லை.

"அப்பம் நான் தேவலைன்னு சொன்னது?"

"பழைய மருந்து கணக்குல ஏறிச்சு. அதுவும் நல்லாக் கேக்குதுன்னு." அவர் லேசாகச் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பில் தெம்பு இல்லை. "எனக்கு நல்லது செய்யணும்னு நெனச்சீங்க. அது எனக்கு எதிர்ப்பக்கம் போய் விழுந்திருக்கு. உங்களச் சொல்லிக் குத்தமில்ல. வாங்க, தேவலதானேன்னு கேட்டது நான்தான்."

அவர் அதோடு விடவில்லை. குணமானதாகச் சொல்லிப் போன மற்றவர்களையும் மறுபடி விசாரிக்க வேண்டும் என்று முடிவு செய்தார். தான் போனால் மறுபடி தேவலை என்றுதான் சொல்வார்கள் என்று ஏசம்மாளை மட்டும் அனுப்பினார். வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு அவள் ஊர் ஊராகப் போனாள். அடுத்த தடவை செல்லக்கனி வந்தபோது, வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சொன்னாள்.

"மகாராஜபுரத்துல தவசிமுத்துன்னு ஒருத்தரு. வயக்காட்டுல நிக்காரு. எரிச்சல் எப்பிடி இருக்கு அண்ணாச்சின்னு கேட்டேன். அது என்னிக்கு போச்சு, அப்பிடியேதான் இருக்குங்காரு. அப்ப ஏன் சொகமாயிட்டுன்னு சொன்னீகன்னா, தங்கமான டாக்டரு, அவரு மொகத்தப் பாத்து எப்பிடிம்மா இல்லன்னு சொல்லுததுங்காரு. நான் கெளம்பயில பின்னாடியே வந்து, இத அவருட்ட சொல்லிராதீகன்னு ஒரு கூடை வெண்டிக்காயும் குடுத்துவிட்டாரு."

செல்லக்கனிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் நெஞ்சு வலித்தது.

"நான் பொய் சொன்னது ஒங்களுக்கு அப்பவே தெரியும்லா சிஸ்டர்?"

ஏசம்மாள் மாத்திரை டப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சந்தேகமா இருந்துச்சு. நீ விழுங்குன விழுங்கு அப்பிடி. ஆனா நீ சொன்னதத்தான் எழுதணும். டாக்டர்ட்டயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். அன்னிக்கு அறுபது பேரு வரிசையில நின்னாக. விட்டுட்டேன்."

எல்லாரையும் விசாரித்து முடித்தபோது, தேவலை என்று சொன்னவர்களில் ஒரு பகுதியினருக்குத் தேவலையாகவே இல்லை என்று தெரிந்தது. இரண்டு மருந்து சாப்பிட்டவர்களிலும் அப்படி இருந்தார்கள். டாக்டர் தேவஇரக்கம் அதையெல்லாம் எழுதி மதுரைக்கு அனுப்பினார். முதலில் சொன்ன முடிவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் எழுதினார். பெரிய டாக்டருக்கு அது பிடிக்கவில்லை என்று ஏசம்மாள் சொன்னாள். அதற்குள் புது மருந்து கடைகளுக்கே வந்துவிட்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த ஒரு சின்னச் சோதனையின் திருத்தத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை. அவர் மட்டும் அதன் பிறகு கேள்வி கேட்கும் விதத்தை மாற்றிக்கொண்டார். நோயாளி உள்ளே வந்தால் சிரிக்கமாட்டார். "சொல்லுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். டாக்டருக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று வெளியே சிலர் பேசிக்கொண்டார்கள்.

புது மருந்து செல்லக்கனிக்குக் கேட்டது. சுடலையம்மாளுக்குக் கேட்ட அளவு இல்லை. இரண்டு வருஷத் தழும்பு உள்ளே இருந்ததே. ஆனாலும் வாய்க்குப் புளித்து வருவது நின்றது. சோறு குழைவாக இருந்தால் இறங்கியது. ரொட்டி, இறைச்சி, கடலை பக்கம் போவதில்லை. வருஷத்துக்கு ஒருமுறையோ இரண்டு முறையோ மதுரைக்குப் போய் விரித்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் சோலைராஜ் ஷிப்டு மாற்றிக்கொண்டு கூடப் போனான். ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துத் தூங்கிவிடுவான். அவள் வெளியே வந்து எழுப்புவாள்.

குனிந்து செய்யும் வேலை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், முதலாளி அவளைத் துணி பார்க்கும் இடத்துக்கு மாற்றினார். வெளிச்சத்துக்கு எதிரே கம்பியில் ஓடும் துணியில் ஓட்டையும் முடிச்சும் இருக்கிறதா என்று நின்றபடி பார்க்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றாள். நெஞ்சுக்கு நல்லதாக இருந்தது. இரண்டு மூன்று வருஷத்தில் முழங்காலுக்குக் கீழே நரம்பு புடைத்துக்கொண்டு, பாதம் வீங்க ஆரம்பித்தது.

1997ஆம் வருஷ மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், ஷெட்டிலிருந்து வந்தவள் வாசல்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்ற முடியாமல் இருந்தாள். சோலைராஜ் உள்ளே அடுப்பில் பால் வைத்திருந்தான். எட்டிப் பார்த்தான்.

"காலு வலிக்கோ?"

"ஆமா."

"ரொம்பவா?"

"ரொம்பத்தான். ரெண்டு காலும். இடது கால்ல கூடுதலா."

அவன் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, படிக்குக் கீழே குந்தி, அவள் செருப்பின் வாரை அவிழ்க்கத் தொடங்கினான். வெளியே தூறிக்கொண்டிருந்தது. பால் பொங்குகிற வாசம் வந்தது. இருவருக்கும் எழுந்து போகத் தோன்றவில்லை.